துறைச் சுழற்சி (பங்குச் சந்தை)

துறைச் சுழற்சி என்பது ஒரு தொழில்துறையின் பங்குகளை விற்று, ஏறுமுகத்தில் உள்ள வேறொரு துறையின் பங்குகளில் அப்பணத்தை முதலீடு செய்யும் முறையாகும். விலை ஒரே திசையில் தொடர்ந்து நகரும் வேகம் சந்தையில் 'மொமெண்டம்' எனப்படுகிறது. இவ்வேகம் மாறும்போது வணிகர்கள் துறை மாறுகின்றனர்.

அருகருகே இரு துறைகள்

செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்துள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இன்ஃபோசிஸ் மென்பொருள் வளாகமும், மகிந்திரா அண்டு மகிந்திராவின் வாகன ஆய்வு மையமும் உள்ளன. இன்ஃபோசிஸ் நிஃப்டி ஐ.டி. குறியீட்டிலும், மகிந்திரா நிஃப்டி ஆட்டோ குறியீட்டிலும் இடம்பெறுகின்றன. ஊர் ஒன்றாயினும் இக்குறியீடுகள் ஒன்றாக நகர்வதில்லை.

2022-ஆம் ஆண்டு

2022-இல் அமெரிக்க மைய வங்கி வட்டி விகிதத்தைப் பலமுறை உயர்த்தியது. அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பியுள்ள மென்பொருள் நிறுவனங்களின் வருங்கால வருவாய் குறித்து ஐயம் எழுந்தது. அவ்வாண்டில் நிஃப்டி ஐ.டி. சுமார் 26 விழுக்காடு சரிந்தது. சில்லுத் தட்டுப்பாடு தளர்ந்து வாகன விற்பனை மீண்டதால் நிஃப்டி ஆட்டோ சுமார் 15 விழுக்காடு உயர்ந்தது. நிஃப்டி 50-இன் உயர்வு ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே.

அளவிடும் முறை

துறைக் குறியீட்டை நிஃப்டி 50-ஆல் வகுத்தால் அத்துறையின் ஒப்பு வலிமை கிடைக்கும். 2022 தொடக்கத்தில் எல்லாக் குறியீடுகளையும் 100 எனக் கொண்டால், ஆண்டு இறுதியில் ஆட்டோவின் விகிதம் 115/104, அதாவது 1.11, ஐ.டி.யின் விகிதம் 74/104, அதாவது 0.71. விகிதம் தொடர்ந்து ஏறும் துறைக்கு மாறுவதே இம்முறையின் அடிப்படை.

இடர்கள்

மொமெண்டம் நடந்து முடிந்ததையே காட்டுகிறது. 2021-இல் நிஃப்டி ஐ.டி. கிட்டத்தட்ட 60 விழுக்காடு ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தைக் கண்டு ஆண்டு இறுதியில் அக்குறியீட்டில் இடப்பட்ட 100 ரூபாய், ஓராண்டில் 74 ரூபாயானது. 2023-இல் குறியீடு சுமார் 24 விழுக்காடு மீண்டபோதும் அது 92 ரூபாயையே எட்டியது. இழந்ததை மீட்க 35 விழுக்காடு ஏற்றம் தேவைப்பட்டது.

மேலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரகுக் கட்டணமும் பங்குப் பரிவர்த்தனை வரியும் உண்டு. 2024 சூலை 23 முதல், ஓராண்டுக்குள் பங்கை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 20 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. எனவே அடிக்கடி துறை மாறுபவர், இச்செலவுகளைக் கழித்த பிறகு எஞ்சுவதையே ஆதாயமாகக் கணக்கிட வேண்டும்.