மூழ்கிய கப்பலும் மூழ்குவோர் கணக்கும்

முத்துக்குளித்தல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. ஆயினும், மூச்சை அடக்கிச் சிறுபொழுது மூழ்கி மீள்வது வேறு. காற்றை உடன்கொண்டு ஆழ்கடலில் உலவுவது வேறு. பின்னதன் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ஈழத்தின் கீழ்க்கரையில், மட்டக்களப்பை அடுத்த கடலில், 'ஹெர்மீஸ்' என்னும் பிரிட்டானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அது மூழ்கிற்று. 307 பேர் உயிர் துறந்தனர். மறு ஆண்டில், பிரான்சு தேசத்துக் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர், மூச்சுக்கு வேண்டிய அளவே காற்றை விடும் கருவியை இயற்றினர். அதன் வழிவந்த கருவிகளை அணிந்தே இன்று பலர் அக்கப்பலைக் காணச் செல்கின்றனர்.

அங்கு ஆழம் ஏறக்குறைய 53 மீட்டர். பத்து மீட்டர் இறங்குந்தோறும் வளிமண்டலத்தின் அழுத்தத்துக்கு ஒப்பான அழுத்தம் ஒன்று கூடும். ஆதலின், கப்பலருகே அழுத்தம் ஆறு மடங்கிற்கு மேற்படும். ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்றுச் செலவாகும். மேலே இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான காற்று, கீழே இருபது நிமிடத்துக்கும் போதாது.

காற்றிலுள்ள நைட்ரஜனோ இருவகை இடர் விளைக்கும். ஆழத்தில் அது மதுவுண்டார்போல் அறிவை மயக்கும்; அன்றியும், உதிரத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழி பொங்குவதுபோல் அவ்வாயு உடலினுள் பொங்கி, மூட்டுகளை வாட்டும்; கைகால்களை முடக்கும்; உயிரையும் கவரும். ஆகவே, இடையிடையே தங்கித் தங்கியே ஏறவேண்டும். ஹால்டேன் முதலிய அறிஞர் 1908இல் இதற்கு அட்டவணை வகுத்தனர்.

வடகடல்களிலோ குளிரும் சேரும். நீர் காற்றினும் விரைவாக உடற்சூட்டைக் கவர்வதால், மூச்சு மிகும், விரல்கள் மரத்துப்போம். ஆயினும், அத்தகைய கடல்களுட் சில பழங்கலங்களைக் காத்தும் வைக்கின்றன. 1628இல் ஸ்டாக்ஹோம் துறையில் மூழ்கிய 'வாசா' என்னும் மரக்கலம், 1961இல் ஏறக்குறைய முழுவுருவோடு வெளிவந்தது. உப்புக் குறைந்த அந்நீரில் மரந்துளைக்கும் கடற்புழு வாழாமையே அதற்குக் காரணம்.

இன்னும் சிறிது பார்ப்போம் என்னும் ஆசையே மூழ்குவோர்க்குப் பெரும்பகை. திரும்புதற்குரிய நேரத்தை மேலேயே உறுதிசெய்து, கீழே அதனை மாற்றாதிருத்தலே அவர் கற்கும் முதற்பாடம். 307 பேர் மாண்ட கப்பலை வணங்கி, ஒரு பொருளையும் எடாது, கணக்குத் தவறாது மீள்பவரே அக்கலையில் வல்லவர் என்போம்.