கீரிமலைத் தண்ணீரும் சலவை இயந்திரமும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. பிதிர்க்கடன் கழிக்க வந்தோர் கடலிலே மூழ்கி, பின்னர் கேணியில் இறங்கி உடலிற் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு, ஈர வேட்டியுடன் நகுலேசுவரர் சந்நிதியை நோக்கி நடப்பர். கடலுக்கும் கேணிக்கும் இடையே நிற்பது ஒரு மதில்தான். அப்பால் உவர் நீர். இப்பால் நிலத்தினடியிலிருந்து ஊறிவரும் ஊற்று நீர். நகுல முனிவரின் கீரிமுகமும், மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் மாறியது இத்தீர்த்தத்தில் ஆடியதாலேயே என்பது ஐதீகம்.

அத்தகைய தண்ணீரைக் குறைகூறுவது அபசாரம் போலத் தோன்றும். எனினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. தீர்த்தமாடுவதற்கு எத்துணை உகந்ததாயினும், உடுப்புத் தோய்ப்பதற்கு அவ்வூர்த் தண்ணீர் நல்லதன்று. இதனை நான் அறிந்துகொண்டது என் பெரியம்மா வீட்டிலே.

1990ஆம் ஆண்டிலே கீரிமலையை விட்டு இடம்பெயர்ந்த பல குடும்பங்களுள் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. பல்லாண்டுகளின் பின் திரும்பி வந்து, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, வீட்டையும் மீளக் கட்டிக்கொண்டார். கைமூட்டுகளில் வாதம் கண்டபின் தோய்க்கும் கல்லில் நின்று துணி அடிக்க அவரால் இயலவில்லை. கனடாவிலுள்ள மகன் பணம் அனுப்ப, மேற்புறத்தால் துணியிடும் சலவை இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. முதல் மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீருக்கு முன்னர் அதன் தரிசனமே கிடைத்தது.

நான்காம் மாதம் நான் சென்றபோது அதன்மேல் ஒரு பழைய சேலை போர்த்தப்பட்டிருந்தது. வெள்ளை வேட்டிகள் சாம்பல் நிறம் பூண்டுவிட்டன. கறுப்புச் சேலைகளில் வெண்தூள் படிந்தது. துவாய்கள் பப்படம்போல் விறைத்தன. பின்னர் இயந்திரம் தண்ணீர் எடுக்காமல் நின்று, எழுத்தும் எண்ணுமாக ஏதோ காட்டிக் கீச்சிட்டது. பிழிவதற்காகச் சுழலும் வேளையிலோ வீடே அதிர்ந்தது. பார்க்க வந்த திருத்துநர் ஒருவர், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை பழுது என்றும், மாற்றுவதற்குப் புதிய இயந்திரத்தின் விலையிற் பாதியாகும் என்றும் கூறிச் சென்றாராம்.

“பிள்ளை, இது எங்கட தண்ணிக்குச் சரிவராத சாமான். எனக்குக் கல்லே போதும்” என்றார் பெரியம்மா, வீங்கிய விரல்களை நீவிக்கொண்டே.

அவர் கூறியதிற் பாதி உண்மை. முழுவதையும் விளங்கிக்கொள்ளக் குடாநாட்டின் நிலத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டிலே சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும் இக்கல்லை நம்பியே. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த கல்சியம் கிணற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றின் அளவாகக் கணக்கிட்டு 180 மில்லிகிராமுக்கு மேற்படின் அதனை மிகக் கடின நீர் என்பர் அறிவியலார்.

இந்நீரில் சவர்க்காரத்தைக் கரைத்தால், சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலத்தைக் கல்சியம் பற்றிக்கொள்கிறது. தேசிக்காய்ப்புளி விட்ட பால்போல அது திரைந்துவிடும். நுரை வராது, திரைந்த பசை துணியின் இழைகளுக்குள் புகுந்து சாம்பல் நிறமாகப் படியும். கல்லில் அடித்துத் தோய்க்கும்போது அப்பசையிற் பெரும்பகுதி அடியோடும் அலசலோடும் போய்விடும். இயந்திரத்திலோ அது தொட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

பெரியம்மா செய்து வந்தது என்ன தெரியுமா? பழகிய பார் சவர்க்காரத்தைத் தேங்காய்த் துருவலைப் போலத் துருவி இயந்திரத்தில் இட்டு வந்திருக்கிறார். நுரை காணாதபோது இன்னும் ஒரு பிடி. நோய்க்கு மருந்தென்று நோயையே ஊட்டியவாறு இது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். 1990களிலே பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளானபோது, குடாநாட்டிலே பலர் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தனர். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருள் சப்போனின் இனத்தைச் சேர்ந்தது, நீரில் நுரைப்பது. அக்காலத்துத் துணிகளில் வீசிய பனம்பழ மணத்தை எங்கள் வீட்டு மூத்தோர் இன்றும் முகஞ்சுளித்தே நினைவுகூர்வர். இயந்திரத்தில் பனங்களியை இடுமாறு நான் கூறவில்லை! ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற அழுக்ககற்றியைத் தேடவேண்டிய தேவை எமக்குப் புதிதன்று என்பதற்காகவே சொன்னேன்.

இன்றைய சலவைத்தூளும் சலவைத் திரவமும் சவர்க்காரமல்ல. கடின நீரிலே அவ்வளவு எளிதில் திரைவதில்லை. மேல்வாய் இயந்திரத்துக்கென விற்கப்படும் தூளை உறையிற் கூறிய அளவுக்கு இட்டாற் போதும். நுரையின் மிகுதி வெண்மையின் அடையாளமன்று. மிகையான நுரை அலசலைக் கெடுத்து, சுழற்சிக்கும் தடையாகும். தண்ணீர் மிகவும் கடினமாயின் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து விடலாம். இரசாயனம் கற்கும் மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள நீர் 60 லீற்றரில் இருப்பது 18 கிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமனானது. அதனை மென்மையாக்க நீரற்ற சோடியம் காபனேற்று ஏறத்தாழ 19 கிராம் வேண்டும். பளிங்குச் சோடாவாயின் 51 கிராம். அளவு மிஞ்சலாகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. இவையெல்லாவற்றினும் மேலானது மாரிகாலத்து மழைநீர். அதில் கல்சியம் அநேகமாக இல்லை. கூரைநீரைத் தாங்கியிற் பிடித்து வைப்பவர்கள் வெள்ளைத் துணிகளுக்கேனும் அதனைப் பயன்படுத்துவாராக.

சவர்க்காரக் குற்றம் இவ்வாறு வெளிப்பட்டது. இனி இயந்திரம் நின்ற காரணம். சலவை இயந்திரத்தின் தொழில் நான்கே: நீர் எடுத்தல், துணியைக் கலக்குதல், நீரை வெளியேற்றுதல், சுழற்றிப் பிழிதல். தொட்டியின் அடியிலுள்ள தட்டு இடமும் வலமுமாகத் திரும்பி நீரோட்டத்தை உண்டாக்க, துணிகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கு நீங்குகிறது. பழுதென்று கலங்குமுன், இந்நான்கில் எதில் வந்து நின்றது என்று பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். காட்டும் குறி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கையேட்டிற்றான் அதற்குப் பொருள் காணவேண்டும். பெரியம்மா கையேட்டைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், அலுமாரியில், உறை பிரியாமல்.

எங்கள் இயந்திரம் நின்றது முதற்றொழிலில். தண்ணீர்த் தாங்கி குழாய்வாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே அழுத்தம் உண்டாகும். ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் சுமார் 0.1 பார். பல இயந்திரங்கள் 0.3 முதல் 0.5 பார் வரை எதிர்பார்க்கின்றன. குளியலறைக் கூரைமேல் இரண்டு மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கியால் அது எங்ஙனம் கிடைக்கும்? ஆரம்பம் முதலே நீர் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு தடை வேறு. குழாயை மூடி, மின்செருகியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் பின்புறம் நீர்க்குழாய் பூட்டப்பட்ட திருகைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரல்நுனி அளவான வலை வடிகட்டி. அதன் கண்களையெல்லாம் கிணற்று மணலும் சுண்ணாம்புப் பொருக்கும் அடைத்திருந்தன. குறட்டினால் மெல்ல இழுத்தெடுத்து, தேசிக்காய்ப்புளியில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்தவுடன் வலை பளிச்சிட்டது. குறித்த நேரத்துக்குள் நீர் நிரம்பாமையால் இயந்திரம் கீச்சிட்டதேயன்றி, பலகையில் ஒரு பழுதும் இல்லை. தாங்கியைப் பின்னர் மூன்றரை மீற்றர் உயரத்துக்கு ஏற்றினோம். வலை தொல்லை தருகிறதென்று அதனை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவோரும் உளர். மணல் வால்விற் சிக்கினால், இயந்திரம் நின்ற பின்னரும் நீர் ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

அதிர்ச்சிக்குக் காரணம் இயந்திரம் நின்ற இடம். கிணற்றடியிலே நீர் வழிந்தோடுவதற்காகச் சீமெந்துத் தரையைச் சரிவாகக் கட்டுவது எங்கள் வழக்கம். அச்சரிவின் மேலேயே இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான்கு கால்களும் மட்டமாக ஊன்றாவிடின் தொட்டி ஒருபுறம் சாய்ந்து சுழன்று மோதும். அதனோடு ஒரு பெரிய படுக்கை விரிப்பைத் தனியே போட்டால் அது ஒரு பக்கத்தில் உருண்டு திரண்டுவிடும். விரிப்போடு சில சிறு துணிகளையும் சேர்த்துச் சுற்றிவர இடவேண்டும்.

உண்மையில் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. யன்னல் வழியாக நீட்டிய வயர் ஒன்று ஈரத்தரையிற் கிடந்தது. அதன் நுனியிலேதான் இயந்திரம் இணைக்கப்பட்டிருந்தது. வெறுங்காலோடு, நனைந்த கையோடு, அந்த முதிய பெண்மணி மூன்று மாதம் அதனைத் தொட்டிருக்கிறார். துணி கறுத்தால் வேறு துணி வாங்கலாம். புவியிணைப்புள்ள மூன்று துளைச் செருகிடமும், கசிவு மின்னோட்டம் கண்டவுடன் தொடர்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் இன்றி எவரும் சலவை இயந்திரத்தை இயக்கலாகாது. அன்றே இயந்திரத்தைப் பின்விறாந்தைக்கு மாற்றி, மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு தனிச் செருகிடம் அமைப்பித்தோம். கடற்காற்றின் உப்பால் தகடு துருப்பிடிப்பதும் அங்கே குறைவு.

கழிவுக்குழாயிலும் ஒரு நுட்பம் உண்டு. சில இயந்திரங்கள் பம்பியால் நீரை மேலே தள்ளும். வேறு சிலவற்றில் நீர் தானாக வடியும். பின்கூறியவற்றில் குழாய் தரையோடு கிடத்தல் வேண்டும். பெரியம்மா அதனை வாய்க்கால் கட்டின்மேல் ஏற்றி வாழைக்கு விட்டிருந்தார். நீர் அரைகுறையாகவே வடிந்தது.

அந்நீர் எங்கே போகிறது என்பதும் சிந்திக்கத் தக்கது. துணி நிறைந்த ஒரு சலவைக்கு இவ்வகை இயந்திரம் நூறு லீற்றருக்கு மேலும் செலவிடும். எங்கள் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் குகையும் நிறைந்தது; மேலே ஊற்றுவது வடிபடாமலே விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும். அந்த நன்னீரோ உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. ஆதலின் கழிவுநீரைக் கிணற்றடியிலிருந்து இயன்றவரை தொலைவில் விடுவதும், தொட்டி நிறையத் துணி சேர்ந்த பின்னரே இயந்திரத்தைப் போடுவதும் நலம். பெரியம்மா வீட்டில் குழாயை வேலியோரத் தென்னைகள் வரை நீட்டினோம்.

மாதமொருமுறை வெறுந்தொட்டியில் நீர் நிரப்பிச் சித்திரிக் அமிலத்தைக் கரைத்து ஓடவிட்டால், தொட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள பசையும் பொருக்கும் கழன்று வரும். அதனோடு வெளிற்றும் திரவத்தையோ பிளீச்சிங் பவுடரையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயுவாகிய குளோரீன் கிளம்பும். நூற்பஞ்சு சேரும் பையை வாரந்தோறும் உதறவேண்டும். சிறு பிள்ளைகள் இல்லாத வீடாயின் மூடியைத் திறந்து வைத்து உள்ளே உலரவிடலாம்.

பழைய வேட்டிகளின் சாம்பல் நிறம் நான்கைந்து சலவைகளிற் பெரிதும் நீங்கிற்று, முழுதாக நீங்கவில்லை. துருவி வைத்த சவர்க்காரம் ஒரு போத்தலில் மிஞ்சியிருந்தது. அது இப்பொழுது கைகழுவும் இடத்தில் இருக்கிறது.

இரு வாரம் கழித்து, பலகை வந்துவிட்டது, பூட்டலாமா என்று கேட்டு அந்தத் திருத்துநர் வந்தாராம். பெரியம்மா அவரை இருத்தித் தேநீர் கொடுத்து, விறாந்தையில் சத்தமின்றிச் சுழன்றுகொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டியிருக்கிறார்.