ஆட்சி மாற்றமும் ஆட்சிமுறை மாற்றமும்

தேர்தலில் ஒரு கட்சி தோற்று மற்றொரு கட்சி பதவி ஏறுவது ஆட்சி மாற்றம். ஆளும் விதிகளே மாறிவிடுவது ஆட்சிமுறை மாற்றம். முன்னது யாவர் கண்ணுக்கும் தெரியும். பின்னதோ பல வேளைகளில் சட்டத்தின் போர்வையில் ஓசையின்றி வந்துவிடும். அவ்வாறு அது இலங்கையில் வந்ததை அருகிருந்து கண்டு எழுதியவர், ஈழத்துத் தமிழரான பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன் (1928–2000).

இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பொருளியற் பள்ளியிலும் பயின்ற அவர், பேராதனையில் அரசியல் விஞ்ஞானத் துறையின் முதற் பேராசிரியரானார். 1972-இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் மருமகன் அவர். ஆகவே அரசியலை நூலகத்தில் மட்டுமன்றி வீட்டிலும் கற்றார் எனலாம்.

இலங்கை மக்கள் 1931-இலேயே வயதுவந்தோர் வாக்குரிமை பெற்றவர்கள். தேர்தல்கள் ஒழுங்காகவே நடந்தன. ஆயினும் 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. இவையனைத்தும் பாராளுமன்றப் பெரும்பான்மையால் நிறைவேறியவை அன்றோ? சிறுபான்மையினருக்கென அரசியலமைப்பில் எழுதியிருந்த காப்பு கைகொடுக்கவில்லை.

1977-இல் ஜெயவர்த்தனாவின் கட்சி 168 இடங்களில் 140-ஐ வென்றது. மறு ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. ஆட்சியதிகாரம் பாராளுமன்றம் எளிதில் அசைக்க முடியாத ஜனாதிபதியிடம் சென்றது. இதன் பொருள் வலியசாலையில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். 1946-இல் சர் சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூருக்கு வகுத்த ‘அமெரிக்க மாதிரி’யில், மக்கள் சட்டசபையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அச்சபை திவானை நீக்க முடியாது. மக்கள் அதை எதிர்த்தனர். 1947-இல் திவான் பதவி விலகினார். திவான் மன்னரால் அமர்த்தப்பட்டவர், ஜனாதிபதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்ற வேறுபாடு பெரிதே. எனினும், சபையின் நம்பிக்கையை இழந்தாலும் விலக வேண்டாத தலைமை என்பது இரண்டுக்கும் பொது.

இப்புதிய முறையைப் பிரான்சின் தெகோல் முறையோடு ஒப்பிட்டு வில்சன் 1980-இல் நூல் எழுதினார். ஆராய்ச்சியோடு அவர் நிற்கவில்லை. ஜெயவர்த்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையே தூது சென்றார். மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஆராய்ந்த குழுவில் அங்கம் வகித்தார். அச்சபைகளுக்குக் கிடைத்த அதிகாரமும் பணமும் சொற்பமே. 1982-இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டினர். 1983 ஜூலையில் தமிழர் மீது கொடுந்தாக்குதல் நிகழ்ந்தது. அடுத்த மாதம் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதைச் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பதவி இழந்தனர். 1988-இல் வில்சன் வெளியிட்ட நூலின் பெயரே இலங்கையின் உடைவைச் சொல்வதாக அமைந்தது.

நண்பர்களே, இவற்றுள் ஒன்றேனும் இராணுவப் புரட்சியால் வந்ததன்று. எல்லாம் சட்டப்படி, பெரும்பான்மைப்படி வந்தவை. மொழிச் சிறுபான்மையினராய் இந்நகரில் வாழும் நாம், வென்றவர் பெற்ற வாக்குகளை எண்ணுவதோடு நில்லாமல், தோற்றவருக்கு எஞ்சிய உரிமைகளையும் எண்ணிப் பார்க்கக் கற்போமாக. மக்களாட்சியின் நலிவு அக்கணக்கில்தான் முதலில் தென்படும்.