மொட்டை மாடிப் பெட்டியின் மின்கணக்கு

மந்தைவெளியில் செயின்ட் மேரீஸ் சாலையிலோ ராமகிருஷ்ண மடம் சாலையிலோ நடக்கும்போது மாடிகளை அண்ணாந்து பாருங்கள். செல்போன் ஆன்டெனாக்கள் இரண்டு வகையாகத் தெரியும். நெட்டையாய் ஒல்லியாய் நிற்பவை பழையவை. குட்டையாய் அகலமாய், கனத்த பெட்டிபோல் இருப்பவை பெரும்பாலும் 2022 அக்டோபரில் சென்னைக்கு 5ஜி வந்த பிறகு ஏறியவை.

பழைய ஆன்டெனா தன் பக்கத்துத் தெருக்கள் முழுவதற்கும் அலையைப் பரப்பி விடும். நீங்கள் நிற்பது ஒரு வாசலில். மீதி சக்தி தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போகிறது. புதிய பெட்டி அலையைக் கற்றையாக்கி, கேட்பவர் இருக்கும் திசைக்குத் திருப்புகிறது. மெரினா கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலில் நெடுந்தூரம் தெரிவதும் இதே காரணத்தால்தான். அங்கே விளக்கைவிட லென்ஸுக்குத்தான் பெருமை. பெட்டிக்குள் லென்ஸ் இல்லை, வரிசையாகச் சிறு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே அலையை ஒரு துளி முன்பின்னாக அனுப்பும். ஒரு திசையில் முகடும் முகடும் சேர்ந்து அலை வலுக்கும். மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து இதைச் செய்து காட்டினார். 1909-ல் மார்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிறது. அங்கே அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். ஆன்டெனாக்களுக்கு இடையே அதில் பாதி போதும். அதனால்தான் இத்தனை ஆன்டெனாக்கள் ஒரு பெட்டியில் அடங்குகின்றன. தனித்தனியாக இயக்கக்கூடிய 64 வழிகள் இருந்தால், அதே மொத்த சக்திக்கு உங்கள் போனில் விழும் அலைச் சக்தி, கணக்குப்படி, ஒற்றை ஆன்டெனா தருவதைப்போல் 64 மடங்கு. ஆனால் 'உங்கள் போனை மட்டும் குறிபார்க்கும்' என்ற விளம்பரப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கிடைமட்டமாக எட்டு ஆன்டெனா என்றால் கற்றையின் அகலம் சுமார் 13 டிகிரி. இருநூறு மீட்டர் தள்ளி அது 45 மீட்டர் அகலம் பிடிக்கும். வரிசையாக நாலைந்து வீடுகள் அதற்குள் வந்துவிடும்.

சரி, ஆன்டெனாக்களைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? இங்கேதான் மின்கட்டணம் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு வழிக்கும் தனிப் பெருக்கி வேண்டும், தனிச் சுற்று வேண்டும். 200 வாட் அலையை வெளியே விடும் பெட்டி, முழுச் சுமையில் ஒரு கிலோவாட்டை ஒட்டிய மின்சாரம் இழுக்கும். மீதி பெரும்பாலும் வெப்பம். ஒருவரும் பேசாத நேரத்திலும் சுற்றுகள் தின்பதைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

சக்தியைக் கூட்டினால் வேகம் கூடும் என்பதும் ஓர் அளவுக்குத்தான். கிளாட் ஷானன் 1948-ல் சொன்ன சூத்திரம் இதில் கறாரானது: சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருந்தால், சக்தியை இரட்டிப்பாக்கியும் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு ஒரு பிட்தான் கூடும். இன்னொரு பிட் வேண்டுமா, மறுபடி இரட்டிப்பாக்க வேண்டும். போனும் டவரும் வழக்கமாகப் பேசும் மொழியில் ஓர் அலைத்துண்டில் 8 பிட்தான் உச்சம். அதைத் தொட்ட பிறகு கொட்டுகிற சக்தி வீண். பக்கத்து டவரின் பயனருக்கு இரைச்சல் வேறு. சக்தியை மிகக் குறைத்தாலும் நஷ்டம்தான். சுற்றுகளின் நிலையான செலவுக்கு ஈடாகப் போதுமான பிட்டுகள் போகாது. ஒரு ஜூலுக்கு எத்தனை பிட் என்று கணக்கிட்டால் உச்சம் நடுவில் எங்கோ இருக்கும். அந்த இடத்தைப் பிடிப்பதுதான் பொறியாளரின் வேலை.

எனக்குச் சுவையாகப் படுவது பக்கத்து வீட்டுப் பிரச்சினை. ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பலருக்குத் தனித்தனிக் கற்றை அனுப்ப முடியும். ஒருவருக்கானது இன்னொருவர் மேல் விழாதபடி கற்றையைச் செதுக்க வேண்டும். ஒருவர் மந்தைவெளி பஸ் டெப்போவில், இன்னொருவர் ரயில் நிலையத்தில் என்றால் இது சுலபம். ஒரே அடுக்குமாடியின் இரண்டு பால்கனிகள் என்றால், பிரிக்க முயன்றே சக்தி கரைந்துவிடும். அப்போது கறாராகப் பிரிக்காமல் கொஞ்சம் கலப்பைப் பொறுத்துக்கொள்வது, அல்லது இருவருக்கும் மாறி மாறி அனுப்புவது மேல். எந்த ஜோடியைச் சேர்ப்பது, யாரைப் பிரிப்பது என்று டவர் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை முடிவெடுக்கிறது.

மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலில் போகிறவருக்குக் கற்றையைத் திருப்புவது இன்னும் கடினம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போன் அரை அலைநீளம் நகர 4 மில்லி விநாடி போதும். அதற்குள் அலைகள் சேரும் விதமே மாறிவிடும். போன் அடிக்கடி அடையாள அலை அனுப்பித் தன் இருப்பைச் சொல்ல வேண்டும். அந்தச் செலவு உங்கள் பேட்டரியில் இருந்து.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி தூக்கம். 4ஜி டவர் ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் மில்லி விநாடிக்கு மில்லி விநாடி அடையாள அலை அனுப்பும். 5ஜி-யில் அதை 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்பினாலும் போதும். இடைவெளியில் பெருக்கிகள் கண்ணயரலாம். நள்ளிரவில் 64 வழிகளில் பாதியை அணைத்துவிடலாம். கற்றை கொஞ்சம் அகலமாகும், கேட்க ஆள் குறைவு என்பதால் பாதகமில்லை.

இந்த ஆராய்ச்சிக்கு நாம் தூரம் போக வேண்டாம். அடையாற்றைக் கடந்தால் சென்னை ஐஐடி. அதன் தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைக்களத்தைப் பிரதமர் 2022 மே 17 அன்று தொடங்கிவைத்தார். செலவு சுமார் 220 கோடி ரூபாய். உள்நாட்டு நிறுவனங்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை என்பதே அதன் நோக்கம்.

மாடியில் டவர் வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதிர்வீச்சு அச்சம் புரிகிறது. ஆனால் இந்தியா 2012 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்து வருகிறது. டவர் தள்ளிப் போகப் போக, காதோரம் இருக்கும் உங்கள் போன்தான் அதிக சக்தியோடு கத்த வேண்டியிருக்கும். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கை தூக்குமுன் அதையும் கணக்கில் சேருங்கள்.