இலைக்குப் பின்னாடி யாரு?

செடி வளர்க்குறவங்கள்ல ரெண்டு வகை. பூ பூத்ததும் ஓடிப்போய் போட்டோ எடுக்குறவங்க ஒரு வகை. அப்பப்போ இலையைத் திருப்பிப் பார்க்குறவங்க இன்னொரு வகை. காலேஜ் நாட்கள்ல நான் முதல் வகை. அதனால நான் பட்ட பாட்டைக் கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்!

ஹாஸ்டலுக்குக் கிளம்புற அன்னிக்கு, 'ரூம்ல ஒரு உசுரு கூட இருக்கட்டும்டா'ன்னு சொல்லி, வீட்டுச் செம்பருத்தியில ஒரு போத்தை ஒடிச்சு ஈரத்துணியில சுத்திக் கொடுத்தாங்க பாட்டி. ஜன்னலோரத் தொட்டியில நட்டேன். துளிர் விட்டுச்சு, பூவும் பூத்துச்சு. ரெண்டாவது வருஷம், செமஸ்டர் பரீட்சை நேரம். நுனிக்கொழுந்து எல்லாம் சுருண்டு, பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா ஏதோ அப்பிக்கிடந்துச்சு. நம்ம ஹீரோ என்ன பண்ணினார்? கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து 'புஸ்ஸ்ஸ்...'னு அடிச்சுட்டார்!

நாலே நாள்ல இலை மொத்தமும் கருகிக் கொட்டிப்போச்சு. அது பரவாயில்ல. வீசிங் உள்ள என் ரூம்மேட் அன்னிக்கு ராத்திரி பூரா வராண்டாவுல உட்கார்ந்து இருமினான். மறுநாள் அவனுக்கு எக்ஸாம் வேற. பஞ்சு மட்டும் நோகாம அப்படியே இருந்துச்சு.

ஹாஸ்டல் தோட்டக்கார அண்ணன் வந்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "எறும்பு ஏறுனப்பவே இலையைத் திருப்பிப் பார்த்திருக்கணும் தம்பி."

எறும்பு சொல்லும் சேதி

செடியில எறும்பு வரிசையா ஏறுதா? அது பூவைப் பார்க்கப் போகல பாஸ்! மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியோட சாறை உறிஞ்சிட்டு, மிச்சத்தை இனிப்புத் தண்ணியா வெளியே விடும். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருது. கைம்மாறா, பூச்சியைத் தின்ன வர்றவங்களை விரட்டி அடியாள் வேலையும் பார்க்கும். அந்த இனிப்பு சிந்தின இலையில கரி பூசின மாதிரி பூஞ்சை படரும். ஆக, எறும்பு, பிசுபிசுப்பு, கருப்பு மூணுல எதைப் பார்த்தாலும் உடனே இலையைத் திருப்புங்க.

யார் யார்னு தெரிஞ்சுக்குவோமா?

மாவுப்பூச்சி: நான் பார்த்த பஞ்சுக்காரர் இவர்தான். உடம்பு மேல மெழுகுப் பூச்சு இருக்கிறதால மருந்து அடிச்சாலும் வழுக்கிட்டுப் போயிடும். பஞ்சுப் பைக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை. ஒருநாள் அடிச்சுட்டு 'முடிஞ்சது கதை'ன்னு நினைச்சா, அடுத்த வாரமே பார்ட்-2 ரிலீஸ்!

அசுவினி: ரோஜா மொட்டுலயும் இளங்கொழுந்துலயும் கூட்டமா உட்கார்ந்திருக்கும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் ஆள். அதான் ராத்திரியோட ராத்திரியா பெருகின மாதிரி தெரியுது.

சிலந்திப்பேன்: இது பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி இனம். இலை மேல ஊசியால குத்தின மாதிரி மஞ்சள் புள்ளிகள், அடியில மெல்லிய வலை. சந்தேகமா இருந்தா வெள்ளைப் பேப்பர் மேல இலையைத் தட்டுங்க. விழுந்த புள்ளி நகர்ந்தா, அதேதான். வறண்ட காத்துன்னா இதுக்குக் கொண்டாட்டம்.

சிம்பிள் சிகிச்சை

முதல்ல, பூச்சி பிடிச்ச தொட்டியை மத்த செடிங்ககிட்ட இருந்து தள்ளி வைங்க. ரொம்ப மோசமான நுனியை வெட்டி பையில கட்டிப் போடுங்க. குழாயடியில, இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தண்ணியைப் பீய்ச்சுங்க. அசுவினியும் சிலந்திப்பேனும் பாதிக்கு மேல இதுலயே காலி. மாவுப்பூச்சி கொஞ்சமா இருந்தா, காது குடையுற பட்ஸை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல தொட்டு ஒவ்வொண்ணா துடைச்செடுங்க.

நிறைய இருக்கா? வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவுற லிக்விட் சில சொட்டு, தண்ணி 1 லிட்டர். எண்ணெயையும் லிக்விடையும் முதல்ல கொஞ்சம் தண்ணியில குலுக்கிட்டு, அப்புறம் மீதித் தண்ணியை ஊத்துங்க. ஒரே ஒரு இலையில அடிச்சு ஒருநாள் பாருங்க. கருகலைன்னா, வெயில் இறங்கின பிறகு செடி முழுக்க, முக்கியமா அடிப்பக்கம், அடிங்க. வாரம் ஒரு தடவை, மூணு நாலு வாரம். வேம்பு பெரும்பாலும் உடனே கொல்லாது. பூச்சியைத் தின்ன விடாம, தோல் உரிச்சு வளர விடாமப் பண்ணும். அதனால பொறுமை முக்கியம்.

கோவை கத்துக்கிட்ட பாடம்

'இதெல்லாம் ஆகாது, விஷம்தான் சரி'ன்னு நினைக்கிறீங்களா? பப்பாளி மாவுப்பூச்சி கதையைக் கேளுங்க. மெக்சிகோ பக்கத்து ஆளான அது, 2008-ல கோவையில கண்டுபிடிக்கப்பட்டுச்சு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எதையும் விடல. செம்பருத்தியும் அதுக்குப் பிடிச்ச சாப்பாடு. விவசாயிகள் மருந்து மேல மருந்து அடிச்சும் அடங்கல. கடைசியா 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து, பெங்களூரு விஞ்ஞானிகள் மூலமா, கடுகை விடச் சின்னதான குளவிகள் வந்திறங்கிச்சு. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை போடுறதுதான் இதுங்களோட வேலை. பொரிக்கிற புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னு தீர்த்துடும். டேங்க் டேங்கா மருந்து அடிச்சும் முடியாததை, கண்ணுக்கே தெரியாத குளவி முடிச்சுக் காட்டுச்சு. கண்டபடி விஷம் அடிச்சா முதல்ல சாகுறது இந்த மாதிரி நண்பர்கள்தான்.

இன்னொரு ட்விஸ்ட்! பஞ்சு மாதிரி இருக்கிற எல்லாமே மாவுப்பூச்சி இல்லை. ஆஸ்திரேலியாவுல இருந்து 1898-லேயே நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்த கிரிப்டோலேமஸ்னு ஒரு பொறிவண்டு இருக்கு. அதோட புழுவும் அச்சு அசலா அதே வெள்ளை கெட்டப்ல திரியும். ஆனா தின்னுறது மாவுப்பூச்சியை! கொஞ்சம் பெருசா, விறுவிறுன்னு நடந்தா அது நம்ம கட்சி. விட்டுடுங்க.

சரி, என் செம்பருத்தி? தண்டை நகத்தால லேசா சுரண்டிப் பார்த்தார் அண்ணன். உள்ளே பச்சை! மேலே வெட்டிவிட்டுட்டு, வாராவாரம் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிச்சார். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு துளிர் எட்டிப் பார்த்துச்சு. அதை முதல்ல கண்டுபிடிச்சுக் கூவினது யார் தெரியுமா? அன்னிக்கு வராண்டாவுல இருமின அதே ரூம்மேட்!

உங்க ஜன்னல்லயும் ஒரு தொட்டி இருக்குதானே? இன்னிக்குத் தண்ணி ஊத்தும்போது, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துடுங்க.