ஹேங்ஓவர் மாத்திரை: "எனக்கு வேலை செஞ்சுதே!"

இந்த வாரம் புதுக்கோட்டையிலருந்து ஒரு வாய்ஸ் நோட். "அண்ணா, இன்ஸ்டால பார்த்து ஹேங்ஓவர் மாத்திரை வாங்கினேன். ராத்திரி ரெண்டு போட்டேன், மறுநாள் சாயங்காலம் பளிச்னு இருந்தேன். அப்ப வேலை செய்யுதுதானே?"

தம்பி, மாத்திரை போடாதவனும் மறுநாள் சாயங்காலம் பளிச்னுதான் இருப்பான்! ஹேங்ஓவர் பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள தானாவே போயிடும். எலுமிச்சை ஜூஸ் குடிச்சவன் அதாலதான்னு சொல்வான், நீராகாரம் குடிச்சவன் அதாலதான்னு சொல்வான். உண்மையைப் பிரிச்சுப் பார்க்கணும்னா, சிலருக்கு அசல் மாத்திரை, சிலருக்கு அதே மாதிரி இருக்கற மருந்தில்லாத மாத்திரை கொடுக்கணும். யாருக்கு எதுன்னு கொடுக்கறவருக்கே தெரியக் கூடாது.

அப்படி நடந்த ஆய்வுகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் திரட்டி 2022ல வெளியிட்டாங்க. 21 ஆய்வு, 23 பொருள். கலந்துகிட்டவங்க மொத்தமே 386 பேர். நம்ம ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு இதைவிட அதிகமா வருவாங்க! எட்டு ஆய்வுகள்ல ஆண்கள் மட்டும்தான். இதைவிட முக்கியம், ஒரே பொருளை ரெண்டு ஆய்வு சோதிக்கவே இல்லை. கிராம்புச் சாறு மாதிரி சிலதுல கொஞ்சம் பலன் தெரிஞ்சது. ஆனாலும் சான்றோட தரம் 'மிகக் குறைவு'ன்னுதான் முடிச்சாங்க.

ஆகவே டப்பா மேல "ஆய்வில் நிரூபணம்"னு இருந்தா, எத்தனை பேர்கிட்ட, யார் காசுல, மனுஷங்ககிட்டயா எலிகிட்டயான்னு பாருங்க. பல மாத்திரைகள்ல வர்ற டிஹெச்எம் பிரபலமானதே 2012ல எலிகள் மேல நடந்த ஒரு ஆய்வுக்கு அப்புறம்தான்.

தம்பி கடைசியா கேட்டதுதான் எனக்கு பயம். "இதைப் போட்டா காலையில ஆறு மணிக்கு பைக் எடுத்துத் திருச்சி போயிடலாம்ல?"

போக முடியாது. தலைவலி வேற, ரத்தத்துல இருக்கற ஆல்கஹால் வேற. வண்டி ஓட்ட சட்டம் வெச்ச வரம்பு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி 12 மணிக்கு 150ல படுத்தா, ஆறு மணிக்கு இன்னும் 60 இருக்கும். வரம்பைப் போல ரெண்டு மடங்கு! தலை லேசா இருக்குன்னு நம்பிக் கிளம்பறதுலதான் ஆபத்து.

திருச்சிக்கு பஸ் இருக்கு தம்பி. ஜன்னல் சீட்டா பார்த்து உட்காருங்க.