முதல் எழுத்து யாருடையது?
சேரிப் பிள்ளைகளின் தொடக்க வாசிப்பும் வகுப்பறைப் பொருள்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களின் சட்டமன்ற உரைகளையும் போராட்டங்களையும் பேசுவது நம் வழக்கம். இன்று நான் ஒரு குழந்தைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கிருந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளிடம் வருகிறேன். அவர்கள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள், எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்பவைதான் இந்த உரையின் பொருள்.

பெருந்தலைவரின் பாட்டுப் புத்தகம்

எம்.சி.ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்க வேண்டுமென 1922இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். பிறகு டெல்லியில் மத்திய சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். இவை நமக்குத் தெரிந்த செய்திகள். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதையும், பாடநூல்கள் எழுதியவர் என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. 1930இல் ஆர்.ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற குழந்தைப் பாடல் நூலை அவர் வெளியிட்டார். குழந்தையைச் சாய்ந்தாடச் சொல்லியும் கைவீசச் சொல்லியும் நம் வீடுகளிலும் பால்வாடிகளிலும் இன்றும் பாடும் பாட்டுகள் அந்த நூலில் அச்சேறின. பாட்டு தமிழ்நாடு முழுக்க நிலைத்துவிட்டது, அச்சுக்குக் கொண்டுவந்தவரின் பெயர் மட்டும் காணாமல் போய்விட்டது.

அன்றைய நிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் புரியும். மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகள் மட்டுமே பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன என்று 1919ஆம் ஆண்டின் அரசு ஆணை ஒன்றே பதிவு செய்திருக்கிறது. அதாவது 100க்கு 8 பள்ளிகள்கூட இல்லை. அந்தக் கதவுகளைத் திறக்க வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர், மழலைகளுக்கான பாட்டுகளைத் தேடித் தொகுக்கவும் நேரம் ஒதுக்கினார். உள்ளே போகிற பிள்ளையின் கையில் என்ன இருக்க வேண்டும், வாயில் என்ன இருக்க வேண்டும் என்பதும் அரசியல் கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் முன்னால், 1894இல் ஆல்காட் அடையாறு ஊரூரில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும், அதைத் தொடர்ந்து வந்த பள்ளிகளும் மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டு கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டு பார்த்தன. நல்ல வகுப்பறைப் பொருள் வேண்டும் என்பது நமக்குப் புதிய கோரிக்கை அன்று. நூறாண்டு தாண்டிய கோரிக்கை.

வாசிப்பு எப்படி நிகழ்கிறது?

பேச்சு குழந்தைக்குத் தானாக வரும். எழுத்து தானாக வராது, யாராவது கற்றுத்தர வேண்டும். அந்தக் கற்றலில் சில படிகள் உண்டு.

முதல் படி காதில் இருக்கிறது. ‘பந்து’, ‘பல்’, ‘பட்டம்’ மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று குழந்தை காதால் பிரித்தறிய வேண்டும். பாட்டும் விடுகதையும் கைதட்டலும் தருவது இந்தப் பயிற்சியைத்தான். பாட்டு நேரத்தை வீண் பொழுது என்று நினைக்கிற ஆசிரியர், அடித்தளம் போடாமல் சுவர் எழுப்புகிறார்.

இரண்டாம் படி, அச்சு என்றால் என்ன என்று தெரிவது. புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, இடமிருந்து வலமாகப் போவது, இந்தக் கோடுகள் பேசுகின்றன என்று உணர்வது. வீட்டில் செய்தித்தாளும் கதைப் புத்தகமும் புழங்கும் குழந்தை இதைப் பள்ளிக்கு வருமுன்பே கற்றிருக்கும். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இது அறிவுக் குறைவல்ல, வீட்டில் காகிதம் இல்லாத குறை.

மூன்றாம் படி எழுத்து. தமிழ் எழுத்துகள் 247 என்று மலைக்க வைப்போம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. ஆனால் உயிர்மெய்க் குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் இந்த மலை சிறுத்துவிடும். அந்த ஒழுங்கிலும் குழந்தை இடறும் இடங்கள் உண்டு. ‘கெ’ என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் ஒலி பிறகு வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. உகரக் குறியோ கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருமாறுகிறது. கல், பகல், சங்கு மூன்றிலும் ஒரே ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது. இங்கெல்லாம் தவறு செய்கிற பிள்ளை மக்கு அல்ல. எழுத்தின் சிக்கலைச் சரியான இடத்தில் சந்திக்கிற பிள்ளை.

நான்காம் படி பொருள். எழுத்துக் கூட்டி முடித்த பிறகு அந்தச் சொல் குழந்தைக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் வாசிக்கும், மனம் வாசிக்காது.

பயமும் பழமும்

இங்கேதான் நம் பகுதியின் பேச்சு வருகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளை வீட்டை ‘வூடு’ என்கிறது. பழத்தைப் ‘பயம்’ என்கிறது. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் ‘வாயப்பயம்’ என்று சரியான விடையையே சொல்கிறது. வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியர் அதட்டுகிறார். அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது ழகரத்தை அல்ல. ‘என் வாயில் வருவது தப்பு, எங்கம்மா பேசுவது தப்பு’ என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. அடுத்த கேள்விக்கு அது வாயே திறக்காது. சேரிப் பேச்சு என்று ஒரு மொழியை இழிவாகச் சொல்லும் பழக்கத்தில் சாதி இருக்கிறது. முதல் வகுப்பில் அது இலக்கணத் திருத்தம் என்ற பெயரில் உள்ளே வருகிறது.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் பிள்ளைகளின் உரிமை, அதிகாரத்தின் மொழியும் அதுதான். வரிசை மாறக்கூடாது என்பதே என் வாதம். முதலில் குழந்தை சொன்னதை ஏற்க வேண்டும். பிறகு ‘நாம் வூடு என்று பேசுகிறோம், புத்தகத்தில் வீடு என்று எழுதுகிறோம்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். எந்தச் சாதியில் பிறந்த தமிழ்க் குழந்தையும் புத்தகத் தமிழை வீட்டில் பேசுவதில்லை. ஆனால் சிலரின் பேச்சு மட்டும்தான் கேலிக்கு உள்ளாகிறது.

கைக்கு எட்டும் உயரம்

2003இல் எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தின் அனுபவத்திலிருந்து செயல்வழிக் கற்றல் முறை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007 முதல் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். கற்றல் ஏணியைப் பார்த்து, தனக்குரிய அட்டையைப் பிள்ளையே போய் எடுத்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கரும்பலகை. பிள்ளைகள் வரைந்தவை தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கின.

அந்த முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் நைந்தன, தொலைந்தன, மாற்று வரத் தாமதமானது. ஆனால் அது ஓர் உண்மையைக் காட்டிவிட்டுப் போனது. கரும்பலகை ஆசிரியரின் உயரத்திலிருந்து குழந்தையின் உயரத்துக்கு இறங்கும்போது, எழுதும் உரிமையும் கூடவே இறங்குகிறது. பீரோவில் பூட்டி வைத்த புத்தகம் கணக்கில் இருக்கும், கற்றலில் இருக்காது. ‘கிழித்துவிடுவார்கள்’ என்று பூட்டுகிறோம். கிழிந்த புத்தகம் குறைந்தபட்சம் யாரோ தொட்ட புத்தகம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவு 2022ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வில் வெளிவந்தது. தமிழகக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100க்கு ஏறத்தாழ 5 பேர்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள் வந்தன. 2023இல் ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இவை நல்ல வாய்ப்புகள். ஆனால் மூன்று ஆண்டுகள் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார், அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்பதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் நிலை என்பது முத்திரையாகிவிடும்.

செங்கல்லிலிருந்து ஆவடிக்கு

பிரேசில் நாட்டு பாவ்லோ ஃபிரையரே 1963இல் அங்ஜிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு கொடுத்தார். அவருடைய முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ‘டிஜோலோ’ என்ற சொல். அதன் பொருள் செங்கல். கட்டட வேலை செய்கிறவனுக்கு அது அன்றாடச் சொல். அதை மூன்று அசைகளாக உடைத்து, ஒவ்வோர் அசையின் குடும்பத்தையும் எழுதிக் காட்டினால், கற்பவர்களே புதுச்சொற்களைக் கட்டினார்கள். அப்படிப் பிறந்த சொற்களில் ஒன்று ‘லூட்டா’, அதாவது போராட்டம்.

செங்கல் நமக்கும் அந்நியமானதன்று. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே முதல் எழுத்து கிடைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான்.

இந்த வழியை நம் ஊர்ப் பெயரிலேயே செய்து பார்க்கலாம். பேருந்தின் நெற்றியில் பிள்ளை தினமும் பார்க்கும் சொல் ‘ஆவடி’. அதை ஆ, வ, டி என்று மூன்று அட்டைகளாக வெட்டுங்கள். வகரக் குடும்பத்தையும் டகரக் குடும்பத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஆடு, ஆடி, ஆவி, ஆடை, வடை, விடை, வாடா, வீடு என்று பிள்ளைகளே கட்டுவார்கள். பேருந்தில் தொடங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். இரண்டு மெய்யெழுத்துகளின் குடும்பங்களும் ஓர் உயிரெழுத்தும் சேர்ந்தாலே இத்தனை சொற்கள் வரும். 247ஐயும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கத் தேவையில்லை.

மாலை மையங்களுக்குச் சில சொற்கள்

அம்பேத்கர் பிறந்தநாளில் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். நல்லது. ஆண்டு முழுக்க நம் தெருக்களில் நடக்க வேண்டிய வேலை வேறு. அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

பழைய காலண்டர் அட்டையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிள்ளை முதலில் வாசிக்க விரும்பும் சொல் தன் பெயர்தான். வந்ததும் தன் அட்டையைத் தானே எடுத்து மாட்டட்டும், அதுவே வருகைப் பதிவு.

பிள்ளை சொல்லும் இரண்டு வரிக் கதையை அதன் பேச்சிலேயே எழுதி, அதன் படத்தோடு தைத்துப் புத்தகமாக்குங்கள். தம் கதை புத்தகமாவதைப் பார்த்த பிள்ளை புத்தகத்துக்கு அஞ்சாது.

தெருவின் எழுத்தை உள்ளே கொண்டுவாருங்கள். பிஸ்கட் உறை, பால் பாக்கெட், கடைப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாம் பாடப்பொருள்தான். கயிறு கட்டி, துணி கிளிப்பில் பிள்ளையின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தினமும் பத்து நிமிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது விரல் எழுத்தின் கீழே நகரட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாத்தா பாட்டிகளை அழைத்து அவர்கள் பாட்டையும் கதையையும் கேளுங்கள், எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இந்த இடத்தில் ஆசிரியர்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்கல்வியில் இட ஒதுக்கீட்டுக்காக நாம் இடைவிடாமல் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிக்க வராத பிள்ளை, அந்த ஒதுக்கீட்டின் வாசலுக்கே வந்து சேராது. அது ஒன்பதாம் வகுப்பில் நின்று, எஸ்டேட்டில் ஒப்பந்தக் கூலியாகிவிடும். பிறகு ‘படிப்பு ஏறவில்லை’ என்று அதன் மீதே பழி விழும். ஒரு வாரத்தில் இரண்டு மாலைகளை, ஐந்து பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். எம்.சி.ராஜாவின் பெயரைச் சொல்லி அந்தப் பாட்டுகளைப் பாடுங்கள். அவருக்குச் சிலை வைப்பதைவிட அது குறைந்த மரியாதை அன்று.

ஜெய்பீம்.